வேர் மூச்சுவிட இடம்: ஐப்பசிக்கு முன்னால் புறவாசலில் செய்ய வேண்டியவை

பனம்பழம் விழுந்து ஓயும் புரட்டாசியில் நெல்லைச் சீமைக் கிராமங்களில் ஒரு வேலை நடக்கும். சப்பிப் போட்ட கொட்டைகளைப் பொறுக்கிச் சேர்த்து, மணலைக் குவித்து முழங்கால் உயரத்துக்கு ஒரு மேடு கட்டுவார்கள். அதன் தலையில் கொட்டைகளை நெருக்கமாக அடுக்கி, மேலே கொஞ்சம் மண் தூவிவிட்டுப் போய்விடுவார்கள். பொங்கல் சமயத்தில் மேட்டை வெட்டினால் கிழங்கு. பனங்கிழங்கை அவித்துத் தின்றவர்கள் நம்மில் ஏராளம். குழி தோண்டிப் புதைக்காமல், மெனக்கெட்டு மேடு கட்டி அதன் உச்சியில் கொட்டையை ஏன் வைக்கிறார்கள் என்று கேட்டவர்கள் குறைவு.

இரண்டு காரணங்கள் உண்டு. பனங்கொட்டையின் முளை மேலே எழும்புவதற்கு முன் கீழே இறங்கும். மண் பொலபொலவென்று இருந்தால் கோணாமல் இறங்கும், வெட்டி எடுப்பதும் எளிது. அடுத்தது மழை. கொட்டை போட்ட சில வாரங்களில் ஐப்பசி அடைமழை பிடித்துக்கொள்ளும். தரைமட்டத்தில் கிடக்கும் கொட்டை தண்ணீரில் ஊறி அழுகும். மேட்டில் இருப்பது நனையும், ஆனால் ஊறாது. குளிர்காலத்துக்குத் தோட்டத்தை ஆயத்தப்படுத்துவது என்றால் நம் ஊரில் என்ன பொருள் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

குளிர்காலம் என்ற சொல்லே புதிதாகத் தோட்டம் போடுபவரைக் குழப்பும். குளிர்நாட்டுக்காரர்கள் எழுதும் குறிப்புகளுக்கு எதிரி உறைபனி. செடிக்குள் இருக்கும் நீர் பனிக்கட்டியாகித் திசுவைக் கிழித்துவிடும் என்பதால் அவர்கள் ரோஜாவின் அடியை மூடுகிறார்கள், கிழங்குகளைத் தோண்டி வீட்டுக்குள் வைக்கிறார்கள், புல்தரை பழுத்துவிடுமே என்று குளிர் தாங்கும் வேறு புல் விதையை அதன் மேல் தூவுகிறார்கள். பாளையங்கோட்டையில் மார்கழி விடியற்காலையில்கூட வெப்பமானி 20 டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம். அந்தக் குறிப்புகளை வரி பிசகாமல் பின்பற்றினால் பாதி வேலை வீண். மீதிப் பாதி கெடுதல். செடியின் அடியைச் சருகும் வைக்கோலுமாக மூடாக்குப் போட்டு இறுக்குவது அவர்களுக்குக் காப்பு, நமக்கு ஐப்பசியில் அழுகல்.

நம் குளிர்காலம் இரண்டு துண்டாக வருகிறது. ஐப்பசியும் கார்த்திகையும் தண்ணீர். மார்கழி, தை, மாசி மூன்றும் பனி. ஆனி, ஆடியில் குற்றாலத்திலும் பாபநாசத்திலும் சாரல் அடிக்கும்போது, மலையைத் தாண்டி இறங்கும் காற்று பாளையங்கோட்டைக்கும் வள்ளியூருக்கும் தூசியைத்தான் கொண்டு வருகிறது. ஆண்டு மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில்தான் கிடைக்கிறது. தாமிரபரணிப் பாசனத்தில் பிசான நெல்லுக்கு, அதாவது மழைக்காலப் போகத்துக்கு, நாற்றுப் பாவுகிற அதே நாள்களில்தான் வீட்டுத் தோட்டத்துக்கும் வேலை தொடங்குகிறது. மாதக் கணக்கில் காய்ந்து இறுகிய மண் மேல் மழை மொத்தமாக விழப்போகிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். எல்லா வேலையும் அதிலிருந்தே புரியும்.

மழை நாள்காட்டி பார்த்து வராது என்பதையும் நாம் மறக்க வாய்ப்பில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில், மார்கழி பிறந்த கையோடு, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி கரை மீறி ஊருக்குள் வந்தது. அப்படிப்பட்ட நாளில் எந்தத் தோட்டக் கலையும் உதவாது. நான் சொல்லப்போவது வழக்கமான ஐப்பசி மழைக்கு.

வேரும் மூச்சுவிடும்

இலை வெயிலில் சர்க்கரை செய்கிறது. அந்தச் சர்க்கரை தண்டு வழியாக வேருக்கு இறங்குகிறது. வேர் அதை ஆக்சிஜனோடு சேர்த்து எரித்துத்தான் தன் வேலைக்குத் தெம்பு பெறுகிறது. மண்ணிலிருந்து சத்தை இழுப்பதும், புது நுனி விடுவதும் அந்தத் தெம்பில்தான். ஆக்சிஜன் எங்கிருந்து வருகிறது? மண் துகள்களுக்கு இடையே இருக்கும் சின்னச் சின்னச் சந்துகளிலிருந்து. நல்ல தோட்ட மண்ணில் ஏறக்குறையப் பாதிதான் மண். மீதிப் பாதி சந்து. அந்தச் சந்துகளைத் தண்ணீரும் காற்றும் பங்கு போட்டுக்கொள்கின்றன.

மழை நின்று, நீர் இறங்கிப்போனால் பெரிய சந்துகளில் காற்று திரும்ப நுழைகிறது. நீர் இறங்காமல் தேங்கினால் எல்லாச் சந்தும் தண்ணீர். தண்ணீருக்குள் ஆக்சிஜன் ஊடுருவும் வேகம் காற்றில் ஊடுருவுவதைப் போலப் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். உள்ளே மிச்சமிருக்கும் கொஞ்சத்தையும் வேரும் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களும் ஓரிரு நாளில் தீர்த்துவிடும். அதன்பின் வேர் மூச்சுத் திணறுகிறது. மூச்சுத் திணறும் வேரால் தண்ணீரையும் உறிஞ்ச முடியாது. ஆகவே தண்ணீரில் நிற்கும் செடி, தண்ணீர் இல்லாத செடியைப் போலவே வாடித் தொங்கும். புதியவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

நானும் ஏமாந்திருக்கிறேன். என் வீட்டுப் புறவாசலில் இரண்டு பப்பாளிகள் காயும் பூவுமாக நின்றன. ஒரு ஐப்பசியில் மூன்று நாள் அடைமழை. நான்காம் நாள் வெயில் அடித்ததும் இலைகள் குடை மடங்கியதுபோலத் தொங்கின. வெயில் தாங்கவில்லை போலும் என்று நினைத்து இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினேன். ஒரு வாரத்தில் இரண்டும் அடி அழுகிச் சாய்ந்தன. பப்பாளி இரண்டு நாள் நீர்த்தேக்கத்துக்கே உயிரை விட்டுவிடும் மரம் என்பதை அதற்குப் பிறகுதான் படித்தேன். எதிர்வீட்டு ஆச்சி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, “மூழ்கினவனுக்குத் தாகத்துக்குக் கொடுத்திருக்கிறாய்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு குழி தோண்டிப் பாருங்கள்

புரட்டாசியில், மழை தொடங்குவதற்கு முன், செய்ய வேண்டிய முதல் வேலைக்கு மண்வெட்டியும் ஒரு வாளித் தண்ணீரும் போதும். செடி வைக்கும் இடத்தில் ஓரடி ஆழம், ஓரடி அகலத்தில் குழி எடுங்கள். தண்ணீர் நிரப்பி முழுவதும் வடியவிடுங்கள். காய்ந்த மண் முதல் தடவை பேராசையாகக் குடிக்கும், அந்தக் கணக்கு செல்லாது. இரண்டாம் முறை நிரப்பி ஒரு குச்சியில் மட்டத்தைக் குறித்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். ஓர் அங்குலம் முதல் மூன்று அங்குலம் வரை இறங்கியிருந்தால் நல்ல மண். ஓர் அங்குலத்துக்கும் குறைவு என்றால் மழைக்காலத்தில் அந்த இடம் குளம். மளமளவென்று இறங்கிவிட்டால் வேருக்கு மூச்சு முட்டாது, ஆனால் சத்து தங்காது.

நம் சீமையில் ஒரு தாலுகாவுக்கும் அடுத்த தாலுகாவுக்கும் மண் மாறிவிடும். சங்கரன்கோவில், கயத்தாறு, கோவில்பட்டிப் பக்கம் கரிசல். கோடையில் விரல் நுழையும்படி வெடிக்கும். முதல் மழையில் வெடிப்புகள் நிறையத் தண்ணீர் குடிக்கும். பிறகு உப்பி, எல்லாச் சந்தையும் தானே அடைத்துக்கொள்ளும். திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்துத் தேரி மணல் இதற்கு நேர் எதிர். எவ்வளவு ஊற்றினாலும் நிற்காது. ஆற்றங்கரை வண்டல் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. பாளையங்கோட்டையைச் சுற்றியுள்ள சரளும் செம்மண்ணும் மேலே நன்றாக இறங்கும், அடியில் பாறையோ இறுகிய படிவமோ இருந்தால் அங்கே நின்றுவிடும். புதிதாக வீடு கட்டியவர்களுக்கு ஐந்தாவதாக ஒரு வகை கிடைக்கிறது: செங்கல் உடைசல், சிமெண்ட் கட்டி, எங்கிருந்தோ வந்த லாரி மண். அதைப் பற்றி எந்த வேளாண் புத்தகமும் பேசுவதில்லை. தோண்டிப் பார்ப்பது ஒன்றே வழி.

கரிசலில் தோட்டம் போடுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நீர் இறங்கவில்லை என்றதும் ஒரு வண்டி மணல் வாங்கிக் கொட்டிக் கொத்திவிடலாம் என்று தோன்றும். பாதிக்கு மேல் மணலாக இருந்தாலொழிய அது வேலை செய்யாது. கொஞ்சமாகக் கலந்தால் களிமண் மணல் துகள்களைச் சுற்றிப் பூசிக்கொண்டு செங்கல்போல் இறுகும். மக்கிய தொழுவுரமும் இலைமக்கும்தான் கரிசலைத் துகள் துகளாகப் பிரிக்கும். அதற்கு இரண்டு மூன்று பருவம் ஆகும். அதுவரை மேடுதான் துணை.

மேட்டுப்பாத்தி என்று சொல்வது பெரிய சங்கதி இல்லை. மூன்று நான்கு அடி அகலம், அரை அடி முதல் முக்காலடி உயரம். இரண்டு பக்கமும் நின்று கையை நீட்டினால் நடுப்பகுதி எட்ட வேண்டும். உள்ளே கால் வைக்கக் கூடாது, மிதித்தால் சந்துகள் நசுங்கும். பாத்திகளுக்கு இடையே எடுத்த மண்ணே பாத்திக்கு மேடாகும், எடுத்த இடம் வாய்க்காலாகும். வாய்க்காலுக்குச் சரிவு பத்தடிக்கு ஒன்றேகால் அங்குலம் இருந்தால் தண்ணீர் மண்ணை அரிக்காமல் நடந்துபோகும். கண்ணால் பார்த்துச் சரிவு பிடிக்க முயலாதீர்கள், எல்லோருக்கும் தன் முற்றம் சரியாகச் சரிந்திருப்பதாகத்தான் தோன்றும். கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் லெவலைப் போல, தண்ணீர் நிரப்பிய ஒரு நீண்ட குழாயின் இரு முனைகளைப் பிடித்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

வடியும் நீர் வாறுகாலுக்குப் போகட்டும் என்று விட்டுவிடுவது வழக்கம். போகிற வழியில் ஒரு சேகரிப்புக் குழி இருந்தால் அதில் விழட்டும், கோடையில் கிணறு நன்றி சொல்லும். வீட்டு அஸ்திவாரத்தின் பக்கம் மட்டும் சரிவு திரும்பக் கூடாது. வாறுகாலை அடைத்திருக்கும் சருகையும் பாலித்தீனையும் புரட்டாசியிலேயே அள்ளுங்கள். மழையில் குடை பிடித்துக்கொண்டு அள்ளுவது நம் ஊர்ச் சடங்குகளில் ஒன்றாகவே ஆகிவிட்டது.

உரம், மூடாக்கு, கம்பு

மழைக்கு முன் யூரியா போடுவது பணத்தை வாறுகாலில் விடுவது. தழைச்சத்து மண்ணில் நைட்ரேட்டாக மாறி நீரில் கரைந்து நிற்கும். நீர் இறங்கினால் அதுவும் கூடவே இறங்கி, வேருக்கு எட்டாத ஆழத்துக்குப் போய்விடும். தேரி மணலில் ஒரே நாள் மழை போதும். அதுமட்டுமல்ல, தழைச்சத்து அதிகம் வாங்கிய செடி இளசாக, நீர் கோத்துக்கொண்டு வளரும். பூச்சிக்கும் பூசணத்துக்கும் அதுதான் விருந்து. புரட்டாசியில் மக்கிய தொழுவுரம், வேப்பம் புண்ணாக்கு, ஒரு கைப்பிடி சாம்பல் போதும். சாம்பலில் உள்ள சாம்பல்சத்து தண்டுக்கு உறுதி தரும். தழைச்சத்தை மழை நின்றபின், சிறுகச் சிறுக இரண்டு மூன்று தடவையாகக் கொடுக்கலாம்.

ஆழ்துளைக் கிணற்று நீர் பாய்ச்சுகிறவர்களுக்கு மழை செய்யும் பேருதவி ஒன்று உண்டு. கோடை முழுவதும் உப்புத் தண்ணீர் ஊற்றியதில் மண் மேல் வெள்ளையாகப் பூத்திருக்குமே, அதை மழைக்கு முன் மேலோட்டமாகச் சுரண்டி எறிந்துவிட்டால், மீதியை மழை கழுவி அடியில் அனுப்பிவிடும். வடிகால் சரியாக இருந்தால் மட்டும். தேங்கினால், வெயில் வந்ததும் அதே உப்பு அதே இடத்துக்குத் திரும்ப ஏறிவிடும்.

மூடாக்கை மழை தொடங்கும்போது செடியின் அடியிலிருந்து ஒரு சாண் தள்ளி ஒதுக்கிவையுங்கள். பாத்தியின் வெளிப்பகுதியில் மெல்லிசாக இருந்தால் நல்லதுதான், மழைத்துளி மண்ணை அடித்து இறுக்காமல் தடுக்கும். தண்டைத் தொட்டுக்கொண்டு ஈரமாகக் கிடக்கும் சருகுதான் ஆபத்து. தண்டு அழுகலும் நத்தையும் அங்கே குடியிருக்கும். மார்கழியில் மழை விட்டதும் அதே சருகை, இம்முறை மூன்று நான்கு அங்குல கனத்துக்கு, திரும்பப் பரப்புங்கள். தரையில் சேர்ந்திருக்கும் ஈரம்தான் நமக்குப் பங்குனி வரைக்கும் வைப்புநிதி.

ஆப்பிரிக்கப் பெரு நத்தைகள் இப்போது பல ஊர்களில் பெருகிவிட்டன. அவை இரவில்தான் வெளியே வரும். ஈரச் சாக்கையும் பப்பாளி இலையையும் ஓர் ஓரத்தில் போட்டுவைத்தால் கூடிவிடும். காலையில் கையுறை போட்டு அள்ளலாம். வெறும் கையால் தொட வேண்டாம், அவற்றில் மனிதர்களைத் தாக்கும் ஒட்டுண்ணிப் புழு இருக்கக்கூடும்.

காற்றைப் பற்றி நம்மவர்கள் அதிகம் யோசிப்பதில்லை. ஆனி, ஆடியில் கணவாய் வழியே மேற்கிலிருந்து வீசிய காற்றுக்கு முட்டுக் கொடுத்திருப்போம். வாழையும் முருங்கைக் கன்றும் கிழக்கே சாய்ந்து பழகியிருக்கும். ஐப்பசியில் காற்று வடக்கும் கிழக்குமாகத் திரும்பிவிடும், வாடையும் கொண்டலும். முட்டுக்கம்பின் திசையையும் மாற்ற வேண்டும் என்பது யாருக்கும் நினைவில் வராது. ஒற்றைக் கம்பை மாற்றிக்கொண்டிருப்பதைவிட, குலை தள்ளிய வாழைக்கு இரண்டு கம்புகளைக் கத்தரிபோல் குறுக்காக வைத்துக் கட்டுவது பாதுகாப்பு. கன்றுகளைக் கட்டும்போது வாழைநார் அல்லது துணிக் கீற்று. கம்பியும் நைலான் கயிறும் தண்டை அறுக்கும்.

முருங்கைக் கிளை காற்றுக்கு முன் ஒடியும். அதன் பாரத்தைப் புரட்டாசியிலேயே குறைத்துவிடுங்கள். உச்சியை மொட்டையடிக்காமல், உள்ளே ஒன்றோடொன்று உரசும் கிளைகளை அடியோடு எடுத்தால் காற்று ஊடே போய்விடும். மழை தொடங்கியபின் முருங்கையின் அடிமரத்தில் கம்பளிப்புழுக்கள் அடை அடையாக ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். பகலில் கூட்டமாக ஒரே இடத்தில் இருப்பது நமக்குச் சாதகம். நீண்ட கம்பில் துணி சுற்றிய தீப்பந்தத்தால் சுலபமாக முடித்துவிடலாம். மின்கம்பியைத் தொடும் கிளைகளை மட்டும் நீங்கள் தொடாதீர்கள், மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள்.

புல்தரை

வீட்டின் முன்னால் நாலு சென்ட் புல்தரை வைப்பது நம் வெயிலுக்கும் தண்ணீருக்கும் பொருத்தமா என்று என்னைக் கேட்டால், முகம் சுளிப்பேன். ஆனாலும் ஆசை யாரை விட்டது. வைத்துவிட்டவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும்.

இங்கே கடைகளில் கிடைக்கும் கொரியன் புல், பெர்முடா, எருமைப்புல் எல்லாமே வெப்பநாட்டுப் புற்கள். பெர்முடா என்று பணம் கொடுத்து வாங்குவது வேறு ஒன்றுமில்லை, பிள்ளையாருக்கு வைக்கும் அருகம்புல் குடும்பம்தான். இவை 27 முதல் 35 டிகிரிச் சூட்டில் மும்முரமாக வளர்பவை. குளிர்நாட்டில் உறைபனி வந்தால் பழுத்துத் தூங்கிவிடும். நம் மார்கழி அவற்றைத் தூங்க வைக்காது, கொஞ்சம் சோம்பல் தருவதோடு சரி. ஆகவே மேலே வேறு விதை தூவும் வேலையே நமக்கு இல்லை. நம் புல்தரை குளிரால் சாவதில்லை. இறுகிய மண்ணில் தேங்கும் நீரால் சாகிறது. பிள்ளைகள் ஓடி, நாற்காலி போட்டு, ஸ்கூட்டர் நிறுத்தி மிதிபட்ட தரையில் சந்துகள் ஏது?

துளையிட வேண்டும். புரட்டாசிக் கடைசியில், முதல் தூறல் மண்ணை இளக்கியபின், முள் மண்வெட்டியாலோ கடப்பாரை நுனியாலோ ஒரு சாணுக்கு ஒரு குத்து, நான்கு அங்குல ஆழம். அதிகம் மிதிபடும் இடத்தில் இன்னும் நெருக்கமாக. குத்திய துளைகளில் ஆற்று மணலும் சலித்த மக்கும் சம அளவு கலந்து, துடைப்பத்தால் தள்ளி நிரப்புங்கள். மணலைக் கரிசலோடு கலக்காதீர்கள் என்று சற்று முன் சொன்னேன். இது கலப்பது இல்லை, நீரும் காற்றும் இறங்க நிரந்தரமாக ஒரு குழாய் வைப்பது. பத்துக்குப் பத்தடி இடத்துக்கு ஒரு காலைப்பொழுது ஆகும். இடுப்பு வலிக்கும். புல்தரைக்குச் செய்யும் எல்லா வேலையிலும் பலன் அதிகம் தருவது இது ஒன்றுதான்.

வெட்டுவதிலும் ஒரு கணக்கு. ஒரு தடவையில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாதீர்கள். மழை மாதங்களில் வெயில் குறைவு, அதனால் இலைப் பரப்பு கொஞ்சம் கூடுதலாக வேண்டும். கோடையில் வெட்டுவதைவிட அரை அங்குலம் உயர்த்தி வெட்டுங்கள். ஈரப் புல்லை வெட்டவே வெட்டாதீர்கள். நுனி கிழியும், கிழிந்த நுனி வழியாகப் பூசணம் நுழையும், வெட்டுபவரின் எடையில் மண்ணும் இறுகும். மரத்திலிருந்து விழும் சருகுகளை இரண்டு நாளுக்கு ஒருமுறை வாரிவிடுங்கள். ஒரு வாரம் ஈரத்தோடு கிடந்தால் அடியில் புல் வெளிறி வழுக்கையாகிவிடும். வாரியது வீணில்லை, மக்குக்குழிக்குப் போகட்டும். அந்தக் குழிக்கு மேல் ஒரு தகரமோ ஓலையோ சாய்த்துவையுங்கள், இல்லாவிட்டால் மழை அதன் சாரத்தையெல்லாம் கழுவிவிடும்.

கோரையைப் பற்றித் தனியாகக் கட்டுரையே எழுதலாம். ஒரு நாற்றுப்பண்ணையில் வாங்கிய கொரியன் புல் கட்டுகளோடு கோரைக்கிழங்கும் இலவசமாக என் வீட்டுக்கு வந்தது. மேலே பிடித்து இழுத்தால் தாள் கையோடு வரும், கிழங்கு உள்ளேயே சிரித்துக்கொண்டு இருக்கும். ஒன்றின் கீழ் ஒன்றாக மணிமாலைபோல் கோத்திருக்கும். மழைக்குப் பின் மண் இளகியிருக்கும்போது களைக்கொட்டால் ஆழமாகக் கிளப்பி, கிழங்கோடு எடுக்க வேண்டும். ஒரு பருவத்தில் முடியாது. புதிதாகப் புல் வாங்குகிறவர்கள் கட்டுகளைப் புரட்டி, வேர்ப்பக்கம் கருப்பு மணி தெரிகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

தொட்டிகள்

மாடியிலும் முற்றத்திலும் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு வேலை குறைவு. அடித்துளை அடைந்திருக்கிறதா என்று குச்சி விட்டுப் பாருங்கள், தொட்டியை இரண்டு செங்கல் மேல் ஏற்றுங்கள். தென்னை நார்க்கழிவு அதிகம் போட்ட தொட்டிகள் மழையில் பஞ்சுபோல் நீரைப் பிடித்துக்கொள்ளும், அவற்றைக் கூரையடிக்கு நகர்த்துங்கள்; கற்றாழை, அடினியம் போன்றவற்றையும். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டுகளை மழை மாதங்களில் எடுத்துவிடுவது உத்தமம். டெங்கு பரப்பும் கொசு அப்படித் தேங்கும் சுத்தமான நீரில்தான் முட்டையிடும். முட்டை பறக்கும் கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். எடுக்க மனமில்லாதவர்கள் வாரம் இருமுறை கவிழ்த்துத் துடையுங்கள்.

பனி வந்தபின்

“தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்” என்பார்கள். பனி மேலிருந்து விழுகிறது என்று நினைத்துச் சொன்னது. உண்மையில் பனி விழுவதில்லை. மேகம் விலகிய இரவில் இலை தன் சூட்டை வானத்துக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடும். குளிர்ந்த செம்பின் வெளியே வியர்ப்பதுபோலக் காற்றின் ஈரம் அதில் துளியாகப் படியும். மழை நின்று வானம் தெளிந்த மார்கழியில் பனி கூடுவதற்கு அதுதான் காரணம்.

செடிக்கு இதனால் என்ன? அடிச்சாம்பல் நோய், இலைப்புள்ளி போன்றவற்றின் பூசண விதைகள் முளைத்து இலைக்குள் நுழைய, இலை மேல் சில மணி நேரமாவது நீர்ப்படலம் வேண்டும். பனி இரவு முழுவதும் அந்தப் படலத்தைத் தருகிறது. சாயங்காலம் பூவாளியால் தலைக்கு ஊற்றிக் குளிப்பாட்டுகிறவர்கள் அதை இன்னும் நாலு மணி நேரம் நீட்டிக்கிறார்கள். மார்கழியில் தண்ணீரைக் காலையில் ஊற்றுங்கள், வேருக்கு மட்டும் ஊற்றுங்கள். செடிகளுக்கு இடையே காற்றுப் போக இடம் விடுங்கள்; அடி இலைகளைக் கிள்ளிவிடுங்கள். மாவு தூவியதுபோல் இலையில் படியும் சாம்பல்நோய் மட்டும் விதிவிலக்கு: அதற்கு நீர்ப்படலம் தேவையில்லை, குளிர்ந்த இரவும் உலர்ந்த பகலும் நெருக்கமும் போதும். பூசணி, வெண்டை, செம்பருத்தியில் முதலில் தெரியும்.

வேளாண் விரிவாக்க மையங்களிலும் உரக்கடைகளிலும் கிடைக்கும் சூடோமோனாஸ் பொடியை லிட்டர் நீருக்கு ஐந்து முதல் பத்து கிராம் கரைத்து, வெயில் தாழ்ந்தபின் தெளிக்கலாம். அது உயிருள்ள நுண்ணுயிர், நேர் வெயிலில் செத்துவிடும், வேதிப் பூசணக்கொல்லியோடு கலந்தாலும் செத்துவிடும். நோய் வந்தபின் தெளிப்பதைவிட, பனி தொடங்கும் முன்பே பதினைந்து நாளுக்கு ஒருமுறை தெளித்துவருவது பலன் தரும். அவரையில் மொய்க்கும் அசுவினிக்கு, முதலில் தண்ணீரைப் பீய்ச்சி உதிர்த்துப் பாருங்கள். போதாவிட்டால் லிட்டருக்கு 3 மில்லி வேப்பெண்ணெய், சில துளி சோப்புக் கரைசலோடு.

வெயிலின் கோணமும் மாறுகிறது. டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்துவிடுகிறது; நம் ஊரில் நண்பகலில்கூட உச்சிக்கு வராமல் சுமார் 58 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். ஆறடிச் சுவருக்கு வடக்கே நாலடி வரை நடுப்பகலிலும் நிழல். ஆடியில் நன்றாக இருந்த மிளகாய் மார்கழியில் ஏன் நீண்டு வெளிறுகிறது என்பதற்கு விடை அந்தச் சுவரில் இருக்கும். கோடைக்குக் கட்டிய நிழல்வலையை ஐப்பசியிலேயே கழற்றிவிடுங்கள். சுவரோர நிழலில் புதினாவையும் கறிவேப்பிலைக் கன்றையும் வைத்துவிட்டு, காய்ச்செடிகளை வெளியே கொண்டுவாருங்கள்.

பகலின் நீளமும் குறையும். நம் அகலக்கோட்டில் ஆனிக்கும் மார்கழிக்கும் ஒரு மணி நேர வித்தியாசம்தான், மனிதர்களுக்கு உறைப்பதே இல்லை. நாட்டு அவரைக்கு உறைக்கிறது. ஆடியில் ஊன்றிய கொடி மாதக் கணக்கில் இலையாகவே பந்தலை மூடிக்கொண்டிருந்துவிட்டு, இரவு நீண்டதும் பூவெடுக்கும். கொடி மலடு என்று கோபித்து ஐப்பசியில் அறுத்துப் போட்டவர்களை எனக்குத் தெரியும். கொத்தமல்லிக்கு இதே சமயம் பொன்னானது, வெயிலில் சீக்கிரம் பூத்துவிடும் செடி அது. கார்த்திகைக் கடைசியில் விதையைச் செருப்பால் தேய்த்து இரண்டாக உடைத்துத் தூவுங்கள், பத்து நாளில் முளை தெரியும். கீரை விதைகளை அடைமழைக்கு நடுவில் தூவினால் வாறுகாலில்தான் முளைக்கும்.

மல்லிகைச் செடிகளைக் கார்த்திகை நடுவில், தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டுக் கவாத்துச் செய்யுங்கள். பிச்சிக்கு ஒரு மாதம் கழித்து, டிசம்பர் கடைசியில். பூக்காரி கேட்கும் விலையில் டிசம்பர் பூவும் கனகாம்பரமும் வாங்கிக்கொண்டிருக்கும் நாள்களில் செடியை வெட்ட மனம் வராது. வெட்டினால்தான் கோடையில் பூ.

மார்கழிக் கோலத்துக்குப் பூசணிப்பூ வேண்டுமென்றால் அதற்கும் இப்போதே கணக்குப் போட வேண்டும். விதைத்த நாற்பது, நாற்பத்தைந்து நாளில் முதல் பூ வரும். ஐப்பசிக் கடைசிக்குள், ஓரடி உயர மேடு கட்டி அதன் தலையில் மூன்று விதை ஊன்றினால் மார்கழி முதல் வாரங்களில் வாசலுக்குப் பூ கிடைக்கும். பூவைப் பறித்தால் காய் போய்விடுமே என்று வீட்டில் பெரியவர்கள் தடுத்தால் இதைச் சொல்லுங்கள்: முதல் ஒன்றிரண்டு வாரம் வருபவை பெரும்பாலும் ஆண் பூக்கள், மெல்லிய நீண்ட காம்பில் நிற்பவை, அவை காயாவதே இல்லை. அடியில் உருண்டையாகக் குட்டிக் காய் தெரிவது பெண் பூ. பெண் பூ வரத் தொடங்கியபின் தினம் இரண்டு ஆண் பூவைக் கொடியில் விட்டுவைத்தால் போதும், வண்டுகளுக்கும் தேனீக்களுக்கும் அது போதுமான சரக்கு. விடியும்போது விரிந்து வெயில் ஏறுவதற்குள் சுருங்கிவிடும், ஆகவே கோலம் போடுவதற்கு முன்பே புறவாசலுக்குப் போய் வந்துவிடுங்கள்.